டாரண்டுலாவும் பாலக்காட்டுக் கணவாய் வெயிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு, மேலே வால்பாறை, மூணாறு என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கமும் டாரண்டுலா என்ற பெரிய சிலந்தியை வளர்க்கிறவர்கள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் முக்கால்வாசி சூடு, குளிர் பற்றித்தான். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அதைப் படித்துவிட்டு ஹீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நம் ஊரில் ஹீட்டர் இல்லாமல் செத்த சிலந்தியை விட வெயிலில் செத்த சிலந்திதான் அதிகம் என்பது என் கணிப்பு.

சரியான வெப்பநிலை எவ்வளவு?

ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் கடைகளில் வரும் எல்லா வகையும் நன்றாக இருக்கும். 20-க்குக் கொஞ்சம் கீழே போனாலும் ஒன்றும் ஆகாது, மந்தமாக இருக்கும், தீனி குறைக்கும், அவ்வளவுதான். 30, 31 என்று பகலில் ஏறி இரவில் இறங்கினால் அதையும் தாங்கும். 33-ஐத் தாண்டினால் நீங்கள் ஏதாவது செய்ய ஆரம்பிக்க வேண்டும். 35-க்கு மேல் மணிக்கணக்கில் நின்றால் ஆபத்து. 40-ஐத் தொட்டால் அது உயிர்ப் பிரச்சினை.

சிலந்தி தன் உடம்புச் சூட்டைத் தானாகக் கூட்டிக் குறைக்க முடியாத பிராணி. வியர்வை கிடையாது, நாயைப் போல மூச்சிரைத்து ஆற்றிக்கொள்ளவும் தெரியாது. இடம் மாறுவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. காட்டில் வளைக்குள் இறங்கிவிடும், அல்லது மரப்பொந்துக்குள் போய்விடும். நாம் அதை ஒரு அடிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். போக்கிடம் இருக்கிறதா இல்லையா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மெக்சிகோ பாலைவனத்துச் சிலந்திதானே, நம்ம வெயில் என்ன செய்துவிடும்?

இதைச் சொல்லாதவர் இல்லை. சிவப்பு முழங்கால் டாரண்டுலா, அதாவது பிராக்கிபெல்மா ஹமோரி, மெக்சிகோவின் பசிபிக் கரையோர மாநிலங்களைச் சேர்ந்தது. அங்கே வெயில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது வெயிலில் உட்கார்ந்திருப்பதில்லை. பகலெல்லாம் மண்ணுக்கடியில் வளைக்குள் கிடக்கும், அந்தி சாய்ந்த பிறகுதான் வாசலுக்கு வரும். மேல்மண் கொதிக்கும்போதும் ஒன்றிரண்டு அடி ஆழத்தில் சூடு அவ்வளவாக ஏறி இறங்காது. வானிலை அறிக்கையில் அந்த ஊருக்குச் சொல்லும் வெப்பம் சிலந்திக்குத் தெரிந்த வெப்பம் அல்ல. அவிகுலேரியா போன்ற மரச்சிலந்திகளுக்கும் இதே கதைதான், அவை தென்னமெரிக்கக் காட்டு நிழலில் வாழ்பவை.

இங்கே உண்மையில் எவ்வளவு சூடு ஏறுகிறது?

பாலக்காட்டுக் கணவாய் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுப் பக்கத்து வறண்ட காற்று இந்த வழியாகத்தான் கேரளத்துக்குள் அடிக்கிறது. மாசி, பங்குனி, சித்திரையில் வெயில் ஏறி நிற்கும். 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி பதிவானது. ஆனி, ஆடியில் கதை தலைகீழ். மேற்கிலிருந்து ஈரக்காற்றும் சாரலும் வரும், பொள்ளாச்சியில் பகலில் மின்விசிறி கூட வேண்டாம்.

ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை, அங்கே தை மாதம் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வர முடியாது. மூணாறில் ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும். எனவே “கேரளா பார்டருக்கு எவ்வளவு வைக்கணும்” என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர், எந்த மாதம், எந்த மாடி என்று சொல்லுங்கள்.

மாடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. மேல்மாடியில் தலைக்கு மேல் கான்கிரீட் தளம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இருட்டிய பிறகு கீழே கக்கும். ராத்திரி எட்டு மணிக்கும் அறை தோசைக்கல் மாதிரி இருக்கும். பலர் மதியம் ஒரு மணிக்கு வெப்பமானியைப் பார்த்து “33 தாங்க, பரவாயில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். அந்த அறையின் உச்சம் மாலை ஆறு முதல் ஒன்பதுக்குள் வரும். சிலந்தி வெளியே வரும் நேரமும் அதுதான்.

சிமெண்ட் ஷீட், தகரக் கூரை வீடுகளில் பகல் உச்சம் இன்னும் மோசம், ஆனால் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். ஓட்டு வீடு நல்லது. சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய ஓட்டு வீட்டின் நடு அறை மாதிரி ஒரு இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் இன்னும் அந்த மாதிரி வீடுகள் இருக்கின்றன.

ஒரே அறையிலும் அலமாரியின் மேல் தட்டுக்கும் தரைக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வரும். கோடையில் பெட்டியைத் தரைக்கு இறக்குங்கள். செலவில்லாத வைத்தியம் இது, ஆனால் யாரும் செய்வதில்லை. பெட்டி அழகாகத் தெரிய வேண்டுமாம்.

எதை வைத்து அளப்பது?

கம்பியில் சென்சார் தொங்கும் டிஜிட்டல் வெப்பமானி போதும், மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும். அன்றைய அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சென்சாரைச் சிலந்தி உட்காரும் உயரத்தில் வையுங்கள், மூடியில் அல்ல. கண்ணாடியில் ஒட்டும் பட்டை வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கைபேசியில் வரும் வானிலை உங்கள் ஊருக்கானது, உங்கள் பெட்டிக்கானது அல்ல.

40 டிகிரி நாளில் என்னதான் செய்வது?

முதலில், வெயில் நேராகப் படும் இடத்தில் பெட்டி இருக்கவே கூடாது. ஜன்னல் வழியே அரைமணி நேரம் விழும் காலை வெயிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டால் கொன்றுவிடும். வெளியே 30 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது ஆழம். தரையில் வாழும் வகை என்றால் தேங்காய் நார்க்கழிவு நாலைந்து அங்குலமாவது போட்டிருக்க வேண்டும். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு நார்க்கழிவுக்கு அலைய வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு களம் இருக்கிறது. ஆனால் களத்திலிருந்து அள்ளி வந்ததில் உப்பு அதிகம் இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து காய வைத்துப் போடுங்கள், அல்லது ஏற்றுமதிக்குக் கழுவிய கட்டியாக வாங்குங்கள். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் அடி வரை ஈரம் இறங்கும்படி தண்ணீர் ஊற்றி வையுங்கள், மற்ற இடம் காய்ந்திருக்கட்டும். எங்கே உட்கார வேண்டும் என்று சிலந்தியே முடிவு செய்துகொள்ளும்.

மூன்றாவது, மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி. நன்றாகக் கழுவி, நாற்றம் போக வெயிலில் காய வைத்து, சிலந்திப் பெட்டியை அதற்குள் இறக்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, பழைய துண்டில் சுற்றி, எதிர் மூலையில் வையுங்கள். பாட்டில் சிலந்திப் பெட்டியைத் தொடக் கூடாது. தெர்மோகோல் மூடியை முழுக்க மூடாமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். இரண்டு பாட்டில் இருந்தால் மாற்றி மாற்றி வைத்து மதியம் முதல் இரவு வரை ஓட்டிவிடலாம். கரண்ட் போனாலும் இது வேலை செய்யும்.

ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடலாமா?

பங்குனியில் தொங்கவிடுங்கள், அருமையாக வேலை செய்யும். காற்று வறண்டிருப்பதால் சாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது அறை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கும் அதுவே காரணம். ஆனியில் அதே சாக்கைத் தொங்கவிட்டால் ஒரு டிகிரி கூடக் குறையாது, சுவரில் பூஞ்சைதான் பிடிக்கும். ஏர்கூலருக்கும் இதே கணக்கு.

பெட்டிக்குள் தண்ணீர் தெளித்தால் குளிருமே?

குளிராது. காற்றோட்டம் குறைந்த பெட்டிக்குள் சூடும் ஈரமும் சேர்ந்தால் புழுக்கம்தான் மிஞ்சும். டாரண்டுலா மூச்சு விடுவது அடிவயிற்றில் இருக்கும் புத்தக நுரையீரல்கள் வழியாக, காற்று நகராத ஈரப் பெட்டி அதற்கு ஆகாது. சிலந்தியின் மேல் நேராகத் தெளித்தால் மிரண்டு ஓடும், கண்ணாடியில் ஏறிக் கீழே விழும். வயிறு கிழிந்தால் அவ்வளவுதான். அதற்குப் பதில் குடிக்கும் கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வையுங்கள். கிண்ணத்தில் பஞ்சு, ஸ்பாஞ்ச் எதுவும் போடாதீர்கள், அழுகிப்போகும்.

ஏசி அறையில் வைக்கலாமா? மின்விசிறி?

26-ல் ஏசி ஓடினால் சிலந்திக்குச் சொர்க்கம். காற்று நேராகப் பெட்டியில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏசி காற்றை உலர்த்தும், எனவே தண்ணீர்க் கிண்ணத்தை அடிக்கடி பாருங்கள். டேபிள் ஃபேன் சிலந்தியைக் குளிர்விக்காது. நமக்கு வியர்வை ஆவியாவதால் குளிர்கிறது, அதற்கு வியர்வையே இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ஈரத்தைத்தான் ஃபேன் உறிஞ்சிக்கொண்டு போகும். அறையின் சூடான காற்றை வெளியேற்ற ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பது வேறு விஷயம்.

ஃபிரிட்ஜில் ஐந்து நிமிடம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். கூடாது.

சூடு அதிகமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பகலில் வெளியே வந்து அலைவது, தரையை விட்டு ஏறிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது, கிண்ணத்தின் மேலேயே கவிழ்ந்து கிடப்பது. இவை முதல் அறிகுறிகள். வயிறு சுருங்கித் தளர்ந்திருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது.

கடைசிக் கட்டம் கால்கள் உள்பக்கமாக மடங்குவது. டாரண்டுலாவுக்குக் காலின் முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது, உடம்புத் திரவத்தின் அழுத்தத்தால்தான் நீட்டுகிறது. நீர் வற்றினால் அழுத்தம் குறையும், கால் தானாக மடங்கும். அந்த நிலையில் பார்த்தால் உடனே குளிர்ந்த அறைக்குக் கொண்டு போங்கள். தட்டையான மூடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, சிலந்தியின் முன்பக்கம், அதாவது கோரைப்பற்களுக்கு அடியில் இருக்கும் வாய், தண்ணீரைத் தொடும்படி மெதுவாக வையுங்கள். வயிறு தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும், நுரையீரல் அங்கேதான் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும். சில மணி நேரத்தில் எழுந்துவிட்டால் நல்லது. எழாவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை.

மல்லாக்கக் கிடக்கிறது. வெயிலில் செத்துவிட்டதா?

தொடாதீர்கள்! மல்லாக்கக் கிடந்தால் பெரும்பாலும் சட்டை உரிக்கிறது. சாகும் சிலந்தி நிமிர்ந்த நிலையிலேயே கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும். உரிக்கும் சிலந்தி மல்லாந்து கால்களைப் பரப்பி வைத்திருக்கும். அதற்கு முன்பு சில வாரங்கள் தீனி எடுத்திருக்காது. “உதவி” செய்யாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், பெட்டியை நகர்த்தாதீர்கள், உயிரோடிருக்கும் பூச்சி உள்ளே இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். உரித்த பிறகு கோரைப்பல் கறுத்துக் கெட்டியாகும் வரை தீனி கூடாது. பெரிய சிலந்திக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

ஹீட்டிங் மேட் (மின்சாரச் சூட்டு விரிப்பு) வாங்கட்டுமா?

சமவெளியில் வேண்டாம். பணம் மிச்சம்.

வால்பாறை, மூணாறு, தேவிகுளம், கூடலூர்ப் பக்கம் என்றால் யோசிக்கலாம். அங்கேயும் முதலில் செய்ய வேண்டியது அறையைச் சூடாக வைத்திருப்பது. கதவிடுக்கை அடையுங்கள், பெட்டியை வெளிச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், தரையிலிருந்து மேல் தட்டுக்கு மாற்றுங்கள். கோடையில் சொன்னதற்கு நேர் எதிர். இரவில் 15, 16 வரை போய்ப் பகலில் 20-ஐத் தாண்டுகிறது என்றால் வளர்ந்த சிலந்திக்கு எதுவும் தேவையில்லை.

அதற்கும் கீழே நாள்கணக்கில் நின்றால் மேட் வைக்கலாம், ஆனால் சூடு ஏறினால் தானாக அணைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடாது, பெட்டிக்கு அடியிலும் கூடாது. டாரண்டுலாவுக்குச் சூடு என்றால் கீழே தோண்டு என்பதுதான் தெரியும். அடியில் மேட் இருந்தால் சூட்டைத் தப்பிக்கத் தோண்டித் தோண்டி மேட்டின் மேலேயே போய்ப் படுக்கும். பக்கச் சுவரில், ஒரு ஓரத்தில், மறு ஓரம் குளிர்ந்திருக்கும்படி ஒட்டுங்கள். ஹீட் ராக் எனப்படும் சூட்டுக்கல் உடம்பைச் சுட்டுவிடும். குண்டு பல்பு காற்றை உலர்த்திவிடும், வெளிச்சமும் பிடிக்காது.

மார்கழியில் தின்னவே மாட்டேன் என்கிறது. குளிரா?

இருக்கலாம். வெப்பம் குறைந்தால் உடம்பின் ஓட்டமே குறையும், தீனியும் குறையும். சட்டை உரிக்கும் முன்பும் தின்னாது. சிலியன் ரோஸ் வகை காரணமே இல்லாமல் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அதன் குணம் அது. வயிறு உருண்டையாக இருக்கும் வரை கவலை வேண்டாம். வாரம் ஒரு முறை கரப்பானோ சில்வண்டோ போட்டுப் பாருங்கள், ஒரு நாளில் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

சூடாக வைத்தால் சீக்கிரம் வளருமாமே?

வளரும். தீனி கூடும், அடிக்கடி உரிக்கும், ஆயுளும் அதற்கேற்ப ஓடித் தீரும். ஆண் சிலந்தி முதிர்ச்சி அடைந்த பிறகு அதிக காலம் இருப்பதில்லை, அதை அவசரப்படுத்தி என்ன பயன்? பெண் 20 வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய வகைகள் உண்டு. என்னைக் கேட்டால் மெதுவாக வளரட்டும்.

குஞ்சுகளுக்கு வேறு கணக்கா?

வெப்பம் அதே 22 முதல் 28. ஆனால் சிறிய உடம்பு என்பதால் நீர் வேகமாக வற்றும். மருந்து டப்பா அளவுள்ள பெட்டி அறையின் சூட்டுக்கு நிமிடங்களில் வந்துவிடும், ஆழமான மண் தரும் பாதுகாப்பு அதில் இல்லை. கோடையில் டப்பாக்களை மொத்தமாகத் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள், மண்ணில் ஒரு ஓரம் எப்போதும் லேசான ஈரம் இருக்கட்டும்.

கோடையில் எறும்பு ஏறுகிறது. சாக்பீஸ் போடலாமா?

போட்டால் எறும்போடு சிலந்தியும் போகும். எறும்பு சாக்பீஸிலும், கொசுவர்த்தியிலும், செருகி வைக்கும் கொசு மருந்திலும் இருப்பவை பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் ரசாயனங்கள், சிலந்திக்கும் அவை விஷம். ஏசி போட்டு அறையை மூடிவிட்டுக் கொசு மருந்தையும் செருகுவது கோடையில் நடக்கும் பெரிய தவறு. பெட்டியை ஒரு சிறிய ஸ்டூலில் வைத்து, ஸ்டூலின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். நம் பாட்டிமார் பலகாரத் தூக்குக்குச் செய்ததுதான். அவர்களே “எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தா அக்கி வரும்” என்றும் சொல்வார்கள். அக்கி வைரஸால் வருவது, அந்தப் பழி சிலந்திக்கு வேண்டாம்.

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கோ, பொள்ளாச்சியிலிருந்து கொச்சிக்கோ கொண்டு போக வேண்டும். எப்படி?

அதிகாலைப் பயணம். சிலந்தி திரும்பும் அளவுக்கு மட்டும் இடமுள்ள சின்ன டப்பா, மூடியில் துளைகள், உள்ளே லேசாக ஈரமான டிஷ்யூ காகிதம், வெளியே தெர்மோகோல். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் வேண்டாம். டீ குடிக்க இறங்கினால் டப்பாவும் கூடவே இறங்க வேண்டும். வெயிலில் நிற்கும் பூட்டிய காரின் உள்ளே சில நிமிடங்களில் வெளியை விடப் பத்து டிகிரி ஏறிவிடும். மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான மாற்றம் தெர்மோகோலுக்குள் மெதுவாக நடக்கும், அது போதும்.

நம்ம காட்டிலேயே டாரண்டுலா இருக்கிறதே, பிடித்து வளர்த்தால் இந்தச் சூட்டுப் பிரச்சினையே இல்லையே?

அப்போதும் பிரச்சினை இருக்கும். போசிலோதீரியா என்ற டாரண்டுலா பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. அவற்றில் சில இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்பவை. அவையும் மரப்பொந்தின் நிழலில்தான் இருக்கின்றன, உங்கள் மொட்டைமாடி அறையை அவையும் தாங்காது. ஆந்திரத்தின் நீல டாரண்டுலா போசிலோதீரியா மெட்டாலிகாவை 1899-ல் விவரித்தார்கள். கூட்டி (Gooty) என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது அது. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) பட்டியலில் மிகவும் அருகிவிட்ட நிலையில் இருக்கிறது.

ஆனைமலையும் பறம்பிக்குளமும் புலிகள் காப்பகங்கள். சரணாலயத்திலிருந்து எந்த உயிரையும் எடுத்து வருவது குற்றம், சிலந்தியும் அதில் சேர்த்திதான். போசிலோதீரியாவும் பிராக்கிபெல்மாவும், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் அந்தப் பட்டியலையும் உள்ளே எடுத்துக்கொண்டது. 2024-ல் வந்த விதிகளின்படி அப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எனவே வாங்கும்போது வளர்ப்பில் பிறந்ததா, காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் வாங்காதீர்கள். கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டில் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னால் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.